இசை வகுப்புக்கு எலக்ட்ரானிக் சாமான் வாங்குவதற்கு முன்னால்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை என் பொறுப்பு. 2022 ஜூனில் ‘டிஜிட்டல் இசை ஆய்வகம்’ என்ற பெயரில் எங்கள் பள்ளிக்கு ஒரு தொகுப்பு வந்து இறங்கியது. முன்னாள் மாணவர்கள் ஆசையோடு சேர்த்துக் கொடுத்த பணம், 3,80,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட அவஸ்தையைச் சொல்லி வழி கேட்க அப்போது எனக்கு ஆளே கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் சாருக்கு இசை தெரியாது. எனக்குத் தெரிந்த பாட்டுக்காரர்களுக்கு இந்தச் சாமான்கள் தெரியாது. இன்றும் இதே மாதிரி தொகுப்புகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். போன மாதம்கூடத் தண்டையார்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் எனக்குப் போன் செய்து, "வாங்கலாமா அக்கா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

61 கீ உள்ள கீபோர்டு பத்து, சுவரில் மாட்டும் பெரிய டச் பேனல், டேப்லெட் நான்கு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், அப்புறம் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு மார்க் போடும் மென்பொருள். இதுதான் தொகுப்பு. மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா. கம்பெனிக்காரர்கள் செய்து காட்ட வந்த அன்று அறையில் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தோம், ஒரே ஒரு கீபோர்டு ஒலித்தது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பத்து கீபோர்டிலும் ஆளுக்கொரு வரிசை வாசித்தால் தான் வாசிப்பது தன் காதிலேயே விழாது. ஹெட்போன் எங்கே என்று கேட்டதற்கு, "அது உங்க சைடுல வாங்கிக்கணும் மேடம்" என்றார்கள். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கீபோர்டில் இருந்த துளை 6.35 மில்லிமீட்டர், கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்த ஹெட்போனின் பின் 3.5 மில்லிமீட்டர். நடுவில் மாட்ட ஓர் அடாப்டர், ஒரே கீபோர்டை இரண்டு பேர் கேட்க ஒரு ஸ்ப்ளிட்டர் என்று எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் என் சம்பளத்திலிருந்து போயிற்று. ஹெட்போன் மாட்டினால் கீபோர்டின் ஸ்பீக்கர் அடங்கிவிடும், அப்போது பிள்ளை என்ன வாசிக்கிறது என்று டீச்சருக்குக் கேட்காது. அதனால் மூன்று பேர் கேட்கும் ஸ்ப்ளிட்டராக வாங்குங்கள். மூன்றாவது துளை உங்களுக்கு. நீளமான வயர் உள்ள ஹெட்போனோடு மேசை மேசையாகப் போய்ச் செருகிக் கேட்கலாம். விலைப்பட்டியல் வரும்போது கீபோர்டை எண்ணுவதோடு நிறுத்தாமல், எத்தனை காது கேட்கப் போகிறது என்று எண்ணி, அதற்கு வேண்டிய வயரையும் பட்டியலிலேயே எழுத வையுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை சட்ஜத்தில், அதாவது ‘ஸ’ என்ற ஆதார ஸ்வரத்தில் வந்தது. அந்த மென்பொருளில் ‘ஸ’ என்றால் கீபோர்டின் சி, பாட்டுக்காரர்கள் சுருதியை அளக்கும் கணக்கில் ஒரு கட்டை. அதை நகர்த்த வழியே இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் சுகமாகப் பாடுவார்கள். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்பது ஆறு மாதத்துக்குள்ளேயே மாறிப்போகும். ஐந்து கட்டையில் சுத்தமாகப் பாடும் பெண்ணுக்குத் திரையில் வரிசை முழுவதும் சிவப்பு. "மிஸ், நான் சரியாத்தானே பாடறேன்?" என்று அவள் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? கம்பெனிக்குப் போன் செய்தால் அதுதான் உலக வழக்கம், குழந்தைகளை மாற்றிப் பாடச் சொல்லுங்கள் என்கிறார்கள். தொண்டையை மென்பொருளுக்காக மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘ஸ’வை வேறு கட்டைக்கு மாற்ற முடியுமா, மாற்றி இப்போதே என் முன்னால் காட்டுங்கள். கீபோர்டில் இதற்கு நல்ல வழி உண்டு. டிரான்ஸ்போஸ் பட்டனை கூட்டல் ஏழில் வைத்தால் சி-யை அழுத்தும்போது ஐந்து கட்டை ஜி ஒலிக்கும். கழித்தல் ஐந்தில் வைத்தால் அதே ஜி ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை உள்ள தூரம்) கீழே ஒலிக்கும். பிள்ளைகள் சரளி வரிசை என்ற முதல் பாடத்துக்குப் பழகிய விரல் இடம் மாறாது, சுருதி மட்டும் மாறும். எங்கள் கீபோர்டில் எனக்கு மிகவும் பிடித்த பட்டன் அதுதான்.

சுருதி ஒத்துப்போன பிள்ளைகளுக்கும் மார்க் சரியாக விழவில்லை. அந்த மென்பொருளுக்கு ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு கோடுகள். கோட்டின் மேல் குரல் நின்றால் பச்சை, அசைந்தால் சிவப்பு. கமகம் என்பதே ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதுதான். வீட்டில் பாட்டு கற்றுக்கொள்ளும் ஒரு பெண் கீதம் என்ற தொடக்கநிலைப் பாட்டை அசைவோடு அழகாகப் பாடினாள், அவளுக்கு 40 மார்க். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைக்காமல் தட்டையாகப் பிடித்த பிள்ளைக்கு 90. சில வாரத்தில் அந்தப் பெண்ணும் மார்க்குக்காகக் கமகத்தை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாள். அன்று மதியமே அந்த மார்க் போடும் பகுதியை மூடினேன். தலைமையாசிரியைக்கு அதில் வருத்தம், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. அவரை உட்காரவைத்து இரண்டு பாட்டையும் கேட்கச் செய்தேன். அவர் கர்நாடக இசை படித்தவர் இல்லை. ஆனாலும் எது பாட்டு என்று உடனே தெரிந்துகொண்டார். மென்பொருள் மார்க்கை ரிப்போர்ட் கார்டில் ஏற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது ப்ளூடூத். போனிலிருந்து பாட்டைப் போட்டு எல்லோரும் கேட்பதற்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்ல பொருள். பிள்ளை கீபோர்டை வாசித்து, அந்த ஒலி டேப்லெட் வழியாக ப்ளூடூத்தில் போய் ஸ்பீக்கரில் வந்தால்தான் சிக்கல். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரித்து வெளியிடுவதற்கு சாதாரணமாக 0.1 நொடியிலிருந்து 0.3 நொடி வரை பிடிக்கும். நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் ஆதி தாளம் போட்டால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் 0.6 நொடிதான். ஒலி 0.2 நொடி தாமதமாக வந்தால் தட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பிள்ளை ஸ்பீக்கரைக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைக்கும், ஸ்பீக்கர் அதற்கும் பின்னால் வரும், கடைசியில் பாட்டு நொண்டும். விஷயம் புரியாமல் பிள்ளைகளின் தாள ஞானத்தைப் பலர் குறை சொன்னார்கள். இவர்கள் பெஞ்சைத் தட்டியே கானா பாடி வளரும் பிள்ளைகள், தாளத்தில் இவர்களைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. 1,200 ரூபாய்க்கு நீள வயர் ஒன்று வாங்கி ஸ்பீக்கரை நேராக இணைத்த நாளில் அந்த நொண்டல் நின்றுபோயிற்று.

வயர் மாட்டியதும் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. எங்கள் கட்டடம் பழையது, அந்த அறையில் எர்த் சரியாக இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிரும். ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் ஓர் உறுமல் வரும். ஜி ஸ்வரம் அந்த இடத்தில் 49, மேல் ஸ்தாயியில் 98. அதாவது ஐந்து கட்டை சட்ஜத்துக்கு மயிரிழை மேலே ஒரு போலிச் சட்ஜம் வகுப்பு முழுக்க ஒலித்துக்கொண்டே இருந்தது. தம்பூரா ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பாவம் பிள்ளைகள், எதோடு சேர்வது? எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரிசெய்ய 2,500 ரூபாய் ஆயிற்று. நாலு வருடச் சம்பளத்தில் சேர்த்ததைக் கொட்டினாலும் எர்த் இல்லாத அறையில் எந்த ஒலிச் சாமானும் ஒழுங்காக ஒலிக்காது. அதை முதலில் பாருங்கள். அதோடு, எர்த் இல்லாத அறையில் தொட்டாலே ஷாக் அடிக்கக்கூடிய மைக்கைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து.

இத்தனைக்கும் நடுவில் அந்தத் தொகுப்பில் ஒன்று மிக நன்றாக இருந்தது. டேப்லெட்டில் பதிவு செய்யலாம். பாடி முடித்ததும் தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பத்து முறை சொல்லியும் மாறாத இழுப்பை, ஒரு முறை கேட்டதும் தானே திருத்திக்கொள்வார்கள். அப்புறம் டேப்லெட்டை வெளியே எடுத்துப் போக ஆரம்பித்தோம். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம், 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் நடைமேடை, எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்காரர்கள் கூவி அழைப்பது எல்லாம் பதிவாயிற்று. மென்பொருளில் இந்திய வாத்தியம் என்ற தலைப்பில் தபலா மட்டும்தான் இருந்தது. பறையும் இல்லை, டோலக்கும் இல்லை. எட்டாம் வகுப்புப் பையன்கள் பெஞ்சையும் தகர டப்பாவையும் தட்டிப் பதிவு செய்து, அதிலேயே தாளம் கோத்தார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவன் தன் தாத்தா பாடிய அம்பாப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு வந்தான். வலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டு பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. ஏழெட்டு நிமிடம் விடாமல் பாடியிருந்தார். வகுப்பே அதை வாங்கிப் பாடிற்று. அந்த வருடம் என் வேலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

2023 ஜூனில் சந்தா முடிந்தது. புதுப்பிக்க 60,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று கம்பெனி கடிதம் அனுப்பியது. நிர்வாகத்திடம் பணம் இல்லை. சரி, மென்பொருள் போனால் போகட்டும், பதிவுகளை எடுத்துக்கொள்வோம் என்று பார்த்தால், எல்லாமே அவர்களுடைய சர்வரில், அவர்களுடைய மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவத்தில் இருந்தன. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சந்தா முடிந்து 30 நாளில் கணக்கு அழிக்கப்படும் என்று பொடி எழுத்தில் இருந்ததாம். அந்தக் காகிதம் பள்ளி அலுவலகத்தில் இருந்தது, என் கையில் யாரும் கொடுக்கவில்லை. போன் செய்தேன், மெயில் அனுப்பினேன், கிண்டியில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கே நேரில் போய் நின்றேன். "சிஸ்டம் அப்படித்தான் மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத்துப் பிள்ளைகளின் குரல்கள் போயின. மின்சார ரயிலில் திரும்பி வரும்போது அழுதேன். அந்தத் தாத்தாவிடம் மறுபடி பாடித் தரச் சொல்லிப் போனோம். "அதான் அன்னிக்கே பாடிட்டேனேம்மா, திரும்ப இன்னாத்துக்கு?" என்றவர், எங்களுக்காக நாலு வரி பாடினார். மீதி நினைவுக்கு வரவில்லை என்றார்.

ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பதிவைச் செய்து, அதை வேவ் அல்லது எம்பி3 ஒலிக்கோப்பாக உங்கள் பென்டிரைவில் இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒலித்தால்தான் அது உங்கள் பிள்ளைகளின் பாட்டு. கீபோர்டில் வாசித்ததை மிடி கோப்பாகவும் எடுக்க முடிய வேண்டும். மிடி என்பது 1983இல் வந்த பொது முறை. அதில் ஒலி இருக்காது, எந்தக் கீயை எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பொது முறை என்பதால் பெரும்பாலான இசை மென்பொருள்களில் திறக்கும். சந்தா முடிந்தால் என்ன ஆகும், எத்தனை நாள் அவகாசம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தின் நகலைப் பாட்டு டீச்சரும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது எங்கள் பதிவுகள் பள்ளி கம்ப்யூட்டரில் ஒன்று, என் ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வட சென்னையில் தண்ணீர் எப்படி நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் இசை அறை தரைத்தளம். கீழ்த்தட்டில் இருந்த நான்கு கீபோர்டு நனைந்தன. வாரண்டியில் தண்ணீர் சேராது. நனைந்த சாமானை உடனே பிளக்கில் மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வாரக்கணக்கில் உலர்த்தி, திறந்து துடைக்க வைத்த இரண்டு பிழைத்தன, ஆர்வத்தில் ஒருவர் மாட்டிப் பார்த்த இரண்டும் போயின. கடற்காற்றுக்கு பேட்டரி முனைகள் துரு ஏறிவிடும் என்பதால் கோடை விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன். பொருளெல்லாம் இப்போது மாடியில்.

2024இல் கிட்டத்தட்ட காசே இல்லாமல் மறுபடி ஆரம்பித்தோம். பெற்றோர்களிடமிருந்து திரை கீறிய பழைய ஆண்ட்ராய்டு போன்கள் ஆறு கிடைத்தன. சிம் இல்லாமல், ஏரோப்ளேன் மோடில், பதிவுக்கு மட்டும். ஒரு போனில் இலவசத் தம்பூரா ஆப் ஓடும். பிள்ளை அதை ஒரு காதில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடும், இன்னொரு போன் குரலைப் பதியும். போனை மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டால் போதும், கேட்கும்படியான பதிவு கிடைக்கும். ரயில் போகும்வரை காத்திருக்கவும் பழகிவிட்டோம். இரைச்சல் நீக்கும் வசதி எதில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்; விடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும் தம்பூராவையும், நீட்டிப் பிடிக்கும் சட்ஜத்தையும் அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துத் தின்றுவிடும். ஜூமில் பாட்டு எடுப்பவர்களுக்கு ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. வெட்டி ஒட்ட, கம்ப்யூட்டர் அறையில் ஆடாசிட்டி வைத்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஒற்றைத் தடத்தில் வேவாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி பிடிக்கும், ஒரு வருட வகுப்புக்கு ஒரு பென்டிரைவ் தாராளம்.

இணையம் இருக்கும் நாளில் கூகுளின் க்ரோம் மியூசிக் லேப் என்ற இணையதளத்தைத் திறப்போம். கணக்கும் வேண்டாம், பணமும் வேண்டாம். அதில் ‘சாங் மேக்கர்’ பகுதியில் ஸ்வர அமைப்பைப் பென்டடானிக் என்று மாற்றினால் திரையில் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள் மட்டும் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை எங்கே கட்டம் போட்டாலும் மோகனம்தான். செய்ததை மிடியாகவும் வேவாகவும் இறக்கிக்கொள்ளலாம். ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ பகுதியில் மைக்கை இயக்கிப் பாடினால் குரல் கோடாக ஓடும். தம்பூரா நேர்கோடாக நிற்கும், கமகம் அலையாக ஏறி இறங்கும். முன்பு கமகத்துக்காக 40 மார்க் வாங்கிய அந்தப் பெண்ணை அதில் பாடச் சொன்னேன். அவளுடைய கமகத்தை அலையாகப் பார்த்துவிட்டு வகுப்பே கை தட்டியது. அவள் மறுபடி அசைத்துப் பாடுகிறாள்.

கடைசியாக, இரண்டு சட்ட விஷயம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர் முன்னால் பள்ளி நிகழ்ச்சியாகப் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அதே நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. ஆண்டு விழாவில் பின்னணி இசை போட்டுப் பாடிய எங்கள் வீடியோ, ஏற்றிய சில நிமிடத்திலேயே சத்தம் இல்லாமல் போயிற்று. பாட்டு பழையதாக இருந்தாலும், அந்தப் பின்னணி இசைப் பதிவுக்குத் தனியாக ஓர் உரிமையாளர் இருப்பார். அதனால் ஏற்றப் போகும் நிகழ்ச்சிக்குப் பாரதியார் பாடலையோ கீதத்தையோ எடுத்து, பின்னணியையும் பிள்ளைகளையே வாசிக்க வைத்துப் பதிகிறோம். இரண்டாவது, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குரலும் முகமும் அதில் அடங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே தமிழில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பதிவு செய்ய ஒரு கையெழுத்து, வெளியே பகிர இன்னொரு கையெழுத்து என்று தனித்தனியாக வாங்குகிறேன். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் போடாத பெற்றோர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பதிவு பள்ளியிலேயே இருக்கும், வருடக் கடைசியில் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுப் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.